இப்படிக்கு என்ற சொல்லுக்குக் கீழே

கணினியில் விக்கி என்றால் என்ன என்று அருளம்பலத்தாருக்கு விளங்கப்படுத்துவதற்குள் இராசமலருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தச் சின்ன நிறுவனத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வந்து திருத்தலாம் என்றால் அது எப்படி ஆவணமாகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். திருத்தலாம், ஆனால் திருத்துவதற்கு முன் இருந்ததும் உள்ளே அப்படியே கிடக்கும், எழுத வருபவர் ஒருவரும் அதை அழிக்க ஏலாது என்று அவள் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அழிக்க ஏலாத சாமானெண்டால், இந்தக் காலத்தில அதோட கவனமாத்தான் இருக்கவேணும் பிள்ளை" என்றார் கடைசியில்.

இரண்டாயிரத்தேழாம் ஆண்டு அது. முந்தின வருடச் சண்டையில், அவர்கள் இருந்த துறைமுக நகருக்கு எதிரே, குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்குக் கிழக்கே கிடந்த ஊர்கள் வெறிச்சோடிப் போயிருந்தன. இப்போது அதில் ஒரு பெரும் பகுதியை உயர் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டு வளவைப் போய்ப் பார்த்துவிட்டு வரவும் விடவில்லை. காணி உறுதிகள் சிலருக்கு எரிந்துபோயின. சிலருக்கு ஓடும்போது பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டன. யாருடைய காணி எங்கே, எந்தக் கிணறு யாருக்குப் பொது, எல்லையில் என்ன மரம் நின்றது என்பதெல்லாம் ஆட்களின் தலைக்குள் மட்டும்தான் இருந்தன. அந்த ஆட்களோ முகாம்களிலும் உறவுக்காரர் வீடுகளிலும் சிதறிக்கிடந்தார்கள்.

அதை எழுதிவைப்பதுதான் நிறுவனத்தின் வேலை. முதலில் கடதாசியில் எழுதினார்கள். ஒரே கிணற்றுக்கு மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள். கடதாசி குவிந்ததே தவிர உண்மை தெளியவில்லை. அப்போதுதான் இராசமலருக்கு விக்கி யோசனை வந்தது. தெரிந்தவர் எழுதட்டும், கூடத் தெரிந்தவர் திருத்தட்டும். மென்பொருள் இலவசம். அதை இயக்கும் நிரல் முழுவதையும் திறந்தே தருகிறார்கள். பிடிக்காத இடத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கடைசிச் செய்திதான் அவளைப் பிடித்து இழுத்தது. அவளும் குடாவுக்கு அந்தப் பக்கத்துக் கட்டைபறிச்சான் ஊர்க்காரி. பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம் என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

உட்துறைமுக வீதியில் இருந்து பிரியும் ஒழுங்கையில், ஒரு பழைய வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளில் காரியாலயம் இருந்தது. யன்னலால் பார்த்தால் தண்ணீரும், கடற்படைப் படகுகளின் சாம்பல் முதுகும் தெரியும். தொலைபேசி வழியாக மென்பொருளை இறக்குவது பெரும்பாடாக இருந்தது. முக்கால்வாசி வந்ததும் லைன் அறுந்துவிடும். திரும்ப முதலில் இருந்து தொடங்கவேண்டும். மெசின்களைத் திருத்துவதற்கு மூதூரில் இருந்து காலை லோஞ்சுப் படகில் வந்து பின்னேர லோஞ்சில் திரும்பும் கலீலுர் றஹ்மான் கூடவே இருந்தான். ஒருவழியாக நிறுவி முடித்து முதல் பக்கத்தைத் திறந்தபோது, எழுதிய தமிழ் எல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக வந்து நின்றன.

"ஊர்ச்சனம் முழுக்கக் கேக்கிறதத்தானே தங்கச்சி மெசினும் கேக்குது" என்றான் கலீல்.

தரவுத்தளத்தின் எழுத்து அமைப்பை மாற்றியதும் கேள்விக்குறிகள் போய்த் தமிழ் வந்தது. ஆனால் இராசமலர் மேசையை விட்டு எழும்பவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார் என்று விக்கி தன் பழக்கப்படி பக்கத்திலேயே பதிந்துவைத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் மற்ற இடங்களில் அது நல்ல பழக்கம்தான். இங்கே வீட்டுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆட்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வலயத்துக்குள் எனக்குக் காணி இருக்கிறது என்று எழுதியவர்களின் பெயரெல்லாம் ஒரே இடத்தில் கிடந்தால், நாளைக்கு அந்த இடம் யார் கையில் இருக்கும்?

நிரலைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். யார் வந்து எழுதினாலும் ஒரே பெயரில் பதியும்படி மாற்றினாள். எந்தப் பெயரைப் போடப் போகிறாய் என்று கலீல் கேட்டான். அவள் தன் பெயரையே அடித்தாள். பெயரே இல்லாவிட்டால் எல்லோரையும் தேடுவார்கள். ஒரு பெயர் இருந்தால் அதோடு நிற்பார்கள் என்றாள்.  கலீல் திருப்புளியையும் வயர்த் துண்டுகளையும் பைக்குள் ஒவ்வொன்றாக வைத்தான். பின்னேர லோஞ்சுக்குப் புறப்பட்டான்.

ஆனால் அவள் எண்ணாத வழியில் பெயர்கள் திரும்ப வந்தன. முன்னறையில் வைத்த இரண்டு கணினிகளில் எழுத வந்த சனம், ஒரு வருடமாகக் கச்சேரிக்கும் மனித உரிமைக் கொமிசனுக்கும் செஞ்சிலுவைக்காரருக்கும் மனு எழுதிப் பழகிய சனம். கிணற்றடி மாமரத்தைப் பற்றி நாலு வரி எழுதினாலும், கடைசியில் 'இப்படிக்கு' என்று போட்டுப் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் எழுதாமல் அவர்களுக்கு முடித்த மாதிரி இருக்காது. போடவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஓம் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போட்டார்கள். அதனால் இன்னும் சில வரி நிரல் எழுதினாள். சேமிக்கும்போது இப்படிக்கு என்ற சொல்லும் அதற்குக் கீழே உள்ளதும் தானாக வெட்டுப்பட்டுவிடும். முந்திப் பதிந்தவற்றையும் தரவுத்தளத்துக்குள் இறங்கி ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அந்தச் சில வரியில் அவளுக்கு உள்ளூரப் பெருமை இருந்தது.

எழுத வந்த பெண்களில் தங்கரத்தினத்துக்கு விரல் வேகம். ஊர்ச் சங்கத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். இப்போது தமக்கை வீட்டில் ஒரு அறையில் இருந்தார். அவருக்கும் பக்கத்து வளவு யோகலிங்கத்துக்கும் நெடுங்காலமாக வேலிச் சண்டை. வேலி, வளவு, ஊர் எல்லாம் வலயத்துக்குள் போய்விட்டன. சண்டை மட்டும் தப்பி வந்து விக்கிக்குள் ஏறிக்கொண்டது. காலையில் தங்கரத்தினம் வந்து வேலியை ஒரு முழம் மேற்கே தள்ளிவிட்டுப் போவார். மத்தியானத்துக்குப் பிறகு யோகலிங்கம் வந்து அதை ஒரு முழம் கிழக்கே கொண்டுவருவார். ஒருவரை ஒருவர் சந்திக்காதபடி நேரத்தையும் பங்குபோட்டிருந்தார்கள்.

ஒருநாள் தங்கரத்தினம் இராசமலரிடம் வந்து முறைப்பாடு செய்தார். "உம்மட மெசின் என்ர பேரைத் தின்னுது பிள்ளை. எத்தினை தரம் அடிச்சாலும் காணேல்லை."

ஏதோ கோளாறு, பார்க்கிறேன் அக்கா என்று இராசமலர் சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு அவர் முறைப்பாடு செய்யவில்லை. கோளாறைச் சகித்துக்கொண்டார் என்று அவள் நினைத்தாள்.

புரட்டாதி மாதம் ஒரு காலையில் அருளம்பலத்தாருக்குத் தொலைபேசி வந்தது. கேட்டுவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தார். படைத்தரப்பு விசாரணைக்காரர் மத்தியானம் வருகிறார்களாம், கணினியில் என்ன எழுதப்படுகிறது என்று பார்க்கவேண்டுமாம்.

"நீர் எல்லாத்தையும் அழிச்சுவிடும்" என்றார்.

"அழிக்க மாட்டன் சேர்."

"நான் சொல்லுறன் பிள்ளை."

"அங்க வீடுகளை இடிச்சுத் தள்ளுறாங்கள் எண்டு கேள்விப்படுறம். வேலி இல்லை, கிணத்தை மூடினாலும் மூடியிருப்பாங்கள். இப்ப ஊர் கிடக்கிறது இதுக்குள்ள மட்டும்தான். இதையும் நாங்களே இடிக்கிறதோ?"

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில், நகரத்துக்குள் ஆடுமாடு போலத் திரியும் மான்களில் ஒன்று ஒழுங்கைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பெயர் ஒன்றும் உள்ளே இல்லை, என்னுடையது மட்டும்தான் என்று இராசமலர் சொன்னாள். அவர் மானை விரட்டிவிட்டு உள்ளே வந்து தன் கதிரையில் இருந்தார். அதற்குப் பிறகு அழிக்கும்படி அவர் கேட்கவில்லை.

சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவன் தமிழ் பேசினான். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், ஒரு சொல்லும் பிசகாத தமிழ். மற்றவன் குறிப்பு எழுதினான். முன்னறையில் தங்கரத்தினம் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தார். இராசமலர் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். அவர் திரையில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மூத்தவன் உள்ளறையில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஒவ்வொரு பக்கமாகத் திறக்கச் சொன்னான். மாற்றங்களின் வரலாற்றையும் காட்டச் சொன்னான். எங்கும் ஒரே பெயர்.

"எல்லாவற்றையும் நீங்களா எழுதினீர்கள்?"

"ஓம்."

"இந்த வேலியைக் காலையில் மேற்கே வைக்கிறீர்கள். பின்னேரம் கிழக்கே வைக்கிறீர்கள்."

"ஓம். எனக்கு ஒரு முடிவுக்கு வரேலாமல் கிடக்கு."

குறிப்பு எழுதியவன் தலையை நிமிர்த்தினான். மூத்தவனுக்குச் சிரிப்பு வந்ததா என்று சொல்லமுடியாது. மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கடைசியாக நடந்த மாற்றத்தைத் திறக்கச் சொன்னான்.

இராசமலர் திறந்தாள். திரை முழுக்க ஆங்கில எழுத்து. இடையிடையே அரைப்புள்ளியும் காற்புள்ளியும். ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. இது பாமினி. யூனிக்கோட் வருவதற்கு முந்தி எல்லாக் காரியாலயங்களிலும் தமிழ் அடித்த பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவில் பார்த்தால் தமிழாகத் தெரியும்; விக்கிக்குள் இப்படித்தான் வரும். தட்டெழுத்துப் பழக்கத்தில் தங்கரத்தினம் முன்னறையில் இருந்து இப்போது சேமித்தது. வெட்டும் நிரல் யூனிக்கோட்டில் உள்ள 'இப்படிக்கு' என்ற சொல்லைத்தான் தேடும். இதில் அது வேறு எழுத்தாகக் கிடக்கிறது. வெட்டுப்பட்டிருக்காது.

"இது என்ன சங்கேதம்?" என்றான் மூத்தவன்.

"சங்கேதமில்லை. பழைய தமிழ் எழுத்துரு."

"அப்படியென்றால் வாசியுங்கள்."

அவளும் ஒரு காலத்தில் பாமினியில் அடித்துப் படித்தவள்தான். மேசை விளிம்பில் விரல்களை வைத்து, திரையில் உள்ள எழுத்தை விரலால் தட்டித் தட்டி, அந்த விரல் எந்தத் தமிழ் எழுத்தில் விழுகிறது என்று பார்த்து வாசித்தாள். எனது வளவின் மேற்கெல்லை பூவரசு வேலியாகும். அது எனது மாமனார் நட்டது. அயல் வளவுக்காரர் எழுதியிருப்பது முழுப் பொய்யாகும். யோகலிங்கம் என்ற பெயரை அவள் விரல் தட்டாமல் தாண்டிப்போனது. வேலிக்கு இப்பால் உள்ள கறிவேப்பிலையும் என்னுடையதே.

 அவள் வாசிக்க வாசிக்க முன்னறையில் தட்டும் சத்தம் நின்றுபோனது. கடைசி வரிக்கு வந்தாள். விரல் அந்தச் சொல்லைத் தட்டியது. அதற்குக் கீழே பெயர் கிடந்தது, ஊர் கிடந்தது, அடையாள அட்டை இலக்கம் மட்டும் யாருக்கும் தெரியும்படி இலக்கமாகவே கிடந்தது.

"இப்படிக்கு" என்றாள். மூச்சு எடுத்தாள். "இராசமலர்."

"பிழையா வாசிக்கிறீர் பிள்ளை."

தங்கரத்தினம் இரண்டு அறைக்கும் நடுவே வாசலில் நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். இராசமலர் வேண்டாம் என்று தலையசைத்தாள். அதை மூத்தவனும் பார்த்தான்.

"உம்மட பேர் அதில எங்க கிடக்கு? என்ர பேரெல்லோ போட்டனான். தங்கரத்தினம். சரியான எழுத்தில அடிச்சால் மெசின் தின்னுது. இந்த எழுத்தில அடிச்சால் விடுகுது. எழுத்து கோணலெண்டாலும் பரவாயில்லை எண்டுதான் இண்டைக்கு இதில அடிச்சனான்."

 வெளியே துறைமுகத்தில் ஏதோ படகின் இயந்திரம் நெடுநேரம் உறுமி அடங்கியது.

"அந்த இடம் பாதுகாப்பு வலயம். அது உங்களுக்குத் தெரியுமா?" என்று மூத்தவன் கேட்டான்.

"தெரியும். வலயம் நீங்கள் போட்டது. வேலி நாங்கள் போட்டது."

அவன் அவரையே பார்த்தான். பிறகு மற்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். மற்றவன் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டான். அடுத்த நாள் காலை இராசமலரும் தங்கரத்தினமும் விசாரணைக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள்.

அவர்கள் போனபின் இராசமலருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உங்களைக் காப்பாற்றத்தானே இவ்வளவும் செய்தேன், ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிட்டீர்களே என்றாள். தங்கரத்தினம் அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். தானும் எதிரே இருந்தார்.

"மெசினில கோளாறு எண்டு சொன்னீர். கோளாறு இல்லை, நீர்தான் வெட்டினீர் என்ன?"

"ஓம்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

இராசமலர் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள்.

"உறுதி போச்சுது, வீடு போச்சுது. மிச்சம் இந்தப் பேர்தான் பிள்ளை. பேரில்லாமல் எழுதினால் யோகலிங்கம் என்ன நினைப்பான்? பயந்துபோய்க் களவில எழுதுறாள் எண்டெல்லோ நினைப்பான்."

 காரியாலயம் பூட்டும் நேரம் வந்தது. அருளம்பலத்தார் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். இராசமலர் திரையைப் பார்த்தபடி யோசித்தாள். வலயம் போட்டவர்கள், அங்கே யாரும் இல்லை என்று எழுதினார்கள். யாருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று நினைத்து அவள் செய்த வேலையும் கடைசியில் அதையேதான் எழுதியிருந்தது. ஊர் இருந்தது, வேலி இருந்தது, கறிவேப்பிலை இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

அடுத்த நாள் காலை விசாரணைக்காரரின் வாசலில், வெயில் விழும் வாங்குப் பலகையில் இருவரும் காத்திருந்தார்கள். சற்று நேரத்தில், ஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு குடையையும் பிடித்துக்கொண்டு ஒரு ஒல்லி மனிதர் வந்தார். தங்கரத்தினத்தின் பக்கம் திரும்பாமல் வாங்கின் மற்ற அந்தத்தில் இருந்தார். யோகலிங்கம்.

"உங்களை ஆர் வரச் சொன்னது அண்ணை?" என்று இராசமலர் மெதுவாகக் கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. இவ ஆமிக்காரரிட்டப் போய் வேலியைப் பற்றிச் சொல்லப்போறாவாம். இவ சொல்லுறதை மட்டும் எழுதிப்போட்டாங்கள் எண்டால் என்ர கறிவேப்பிலை போச்சு."

கூப்பிட்டபோது மூன்று பேரும் உள்ளே போனார்கள். மூத்தவன் மூன்றாவது ஆளைப் பார்த்து யார் என்று கேட்க, யோகலிங்கம் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் மனு எழுதும் ஒழுங்கில் சொன்னார். பிறகு வேலிக் கதையைத் தொடங்கினார். தங்கரத்தினம் குறுக்கே விழுந்தார். பூவரசு யார் நட்டது, எந்த வருட வெள்ளத்தில் வேலி சாய்ந்தது, திரும்ப நாட்டும்போது யாருடைய கதியால் கம்பு களவாக நகர்ந்தது என்று கதை நீண்டுகொண்டே போனது. மூத்தவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"கேளுங்கள். அங்கே இப்போது உங்கள் இருவருக்கும் காணி இல்லை."

"அதெப்படி இல்லை?" என்றார்கள் இரண்டு பேரும்.

ஒரே குரலாக வந்தது. தாங்கள் ஒரே சொல்லைச் சொன்னது இருவருக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒருவரும் அதைத் திரும்பப் பெறவில்லை. மூத்தவன் பேனையை வைத்தான். பிறகு இராசமலரைப் பார்த்து, இந்தக் கணினி வேலை நிற்கவேண்டும், கொழும்பில் உள்ள உங்கள் தலைமைக் காரியாலயத்துக்கு அறிவிக்கப்படும் என்று மட்டும் சொன்னான். போகலாம் என்றான். அது விடுதலையா, தவணையா என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

காரியாலயத்துக்கு வந்ததும் இராசமலர் நிரலைத் திறந்தாள். பெருமைப்பட்ட அந்தச் சில வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலீல் பின்னால் வந்து நின்றான். அழித்தால் பிறகு ஆளுக்கு ஆள் பெயர் நிற்குமே, யோசித்தாயா என்று கேட்டான். யோசித்தேன், இனி நான் வெட்டமாட்டேன், அவரவரிடம் கேட்பேன் என்றாள். வரிகளை அழித்தாள். எல்லா மாற்றத்தையும் தன் பெயரில் பதியும் மற்ற வரியை அப்படியே விட்டாள். பழி வந்தால் முதலில் தன்னிடம் வரட்டும்.

அன்றைக்கு வந்தவர்களிடம் கேட்டாள். பெரும்பாலானோர் பெயர் போட்டார்கள். கனகம்மா போடவில்லை. அவருடைய மகனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. கிணற்றடியைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுக் கையை மடியில் வைத்தபடி இருந்தார். இராசமலர் அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தாள். 

மத்தியானம் தொலைபேசி அடித்தது. அருளம்பலத்தார் எடுத்து, ஓம், ஓம், விளங்குது என்று கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். கொழும்பு. இன்றைக்கே மூடச் சொல்கிறார்கள். நானே சொல்லலாம், ஆனால் என்னத்தைச் சொல்வது என்பது போல ரிசீவரை அவளிடம் நீட்டினார்.

முன்னறையில் இரண்டு கணினியிலும் ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"மூட ஏலாது" என்றாள்.

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. காரணம் சொல்வாள் என்று காத்திருப்பது தெரிந்தது. அவள் காரணம் சொல்லவில்லை. லைனில் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அருளம்பலத்தார் கதிரையை அவளுக்குக் கிட்ட நகர்த்திவிட்டார். அவள் அதில் இருந்து, மற்றப் பக்கத்தில் அவர்களே முதலில் வைக்கட்டும் என்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.